மைக் கை மாறிய சீசன்

ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற ஒருவர் மேல் எனக்குப் பொறாமை வந்தது. இதை எழுதும்போதே கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் இலஞ்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறவன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்கிறான், அவன் மேல்கூட எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. அவன் தூரத்தில் இருந்தான். சிப்ஸ் கடைக்காரரோ என் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் திரைக்குப் பக்கத்தில், நான் நிற்கிற அதே இடத்தில் நின்றார்.

தென்காசியில் எங்களுக்கு ஒரு சின்ன அறிவியல் மன்றம் உண்டு. மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு மாடி ஹாலில் படம் போடுவோம். கடல், எரிமலை, எறும்பு, நட்சத்திரம் என்று மாதத்துக்கு ஒன்று. எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்கள், பேச்சு இங்கிலீஷில் இருக்கும். எங்கள் கூட்டத்துக்கு அது ஒத்துவராது. அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். படத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மைக்கோடு நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவது. அந்த ஆள் நான்தான். பதினோரு வருஷமாக நான் மட்டும்தான்.

அதற்காக நான் படுகிற பாடு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு படத்தையும் நாலைந்து தடவை போட்டுப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பேன். இடது பக்கம் நிமிஷம், வலது பக்கம் சொல்ல வேண்டிய வரி. திரையில் கரடி வாயைத் திறக்கும்போது என் வாக்கியம் முடிந்திருக்கும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அப்படி ஒன்பது நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன.

என் மனைவி ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லை. பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறாள். வேலை முடிந்து நேரே ஹாலுக்கு வந்து, கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, மடியில் பழைய பேப்பரை விரித்து மறுநாள் குழம்புக்கு வெள்ளைப்பூண்டு உரிப்பாள். இருட்டில் உரித்தே பழகிவிட்டது. படம் முடிந்ததும் நான் "கேள்வி உண்டா?" என்று கேட்பேன். எப்போதாவது ஒரு கல்லூரிப் பையன் மரியாதைக்கு ஒன்று கேட்பான். மற்றபடி நாற்காலி இழுபடும் சத்தம்தான். அவள் ஒரு தடவைகூட கையைத் தூக்கியதில்லை. வீட்டு ஆள்தானே, வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறாள் போல என நினைத்துக்கொள்வேன். வீட்டிலும் கேட்டதில்லை.

போன ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. நாலு நாள் நனைந்ததில் எனக்குத் தொண்டை கட்டி, சனிக்கிழமை வரும்போது காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அன்றைக்கு இமயத்துப் பனிமலைகளைப் பற்றிய படம். மன்றத்துச் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர், தன் கடை மாத்திரை இரண்டைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இங்கிலீசோடயே போட்டுருவோம் சார்" என்றார். அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐந்தாறு மாதமாக வந்துகொண்டிருந்தவர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஐந்தருவிப் பக்கம் சிப்ஸ் கடை போட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

"அந்த மலையில நான் நாலு வருசம் கெடந்திருக்கேன் சார். நான் வேணா சொல்லட்டுமா?"

என் நோட்டை நீட்டினேன். "கண்ணாடி கொண்டாரல சார்" என்று அதை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டார். நான் ராத்திரி பகலாக எழுதிய நோட்டு. அவர் திரும்பி வந்து அதன் மேலேயே உட்கார்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் ஓட ஆரம்பித்தது. திரையில் பனிப்பாறை உடைந்து பாதி விழுந்த பிறகுதான் அவர் பேசவே ஆரம்பித்தார். எனக்கு உடம்பு பதறியது, இரண்டு வரி தவறிப்போய்விட்டதே என்று. அவருக்கு அந்தப் பதற்றமே இல்லை. தோன்றினால் பேசினார், தோன்றாவிட்டால் நம்மோடு சேர்ந்து படம் பார்த்தார். ஒரு கூடாரத்தில் பாத்திரம் கொதிக்கிற காட்சி வந்தது.

"இந்தா, தண்ணி தளதளன்னு கொதிக்குது பாத்தீங்களா? ஆனா சோறு வேகாது. பருப்பு கல்லாட்டம் கெடக்கும். கொதிக்குதுங்கிறது வேற, சூடா இருக்குங்கிறது வேறன்னு எனக்கு அங்கன போயித்தாம்லா தெரிஞ்சுது. மொத நாளு சமையக்காரன அடிக்கப் போயிட்டோம், பாவம்."

ஹாலே சிரித்தது. பதினோரு வருஷத்தில் அந்த ஹால் சிரித்து நான் கேட்டதில்லை. இதே விஷயத்தை அந்த வருஷம் மார்ச்சில் நான் சொல்லியிருக்கிறேன். 'காற்றழுத்தம் குறையும்போது நீரின் கொதிநிலையும் குறைகிறது' என்பது என் நோட்டில் உள்ள வரி. அதில் ஒரு பிழை கிடையாது. ஒரு ஆளும் சிரிக்கவும் இல்லை.

படம் முடிந்தது. "கேள்வி உண்டா?" என்று அவர் கேட்கவே இல்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் ஓடுகிற பெயர்களைப் பார்த்தபடி சும்மா நின்றார். விளக்குப் போட்ட பிறகும் நின்றார். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பூண்டுத் தோல் ஒட்டிய கை.

"அண்ணாச்சி, அங்கன குக்கர் வச்சா சோறு வேகுமா?" என்றாள் என் மனைவி.

"அந்தக் குக்கர்தான் மதினி எங்கள காப்பாத்துச்சு. மூடி போட்டு ஆவிய உள்ளயே அடைக்குதோம்லா, அதுக்குள்ள நம்ம ஊரு மாதிரியே சூடு ஏறிரும். ஆனா விசில் வாரதுக்குள்ள நமக்கு உசிரு போயிரும்."

அவள் சிரித்தாள். பிறகு ஒரே ஒரு தரம் தலையை அசைத்தாள். விஷயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தலையசைப்பை நான் கல்யாணமான நாளில் இருந்து அறிவேன். கறிவேப்பிலைக்காரியிடமும் பால் சங்கத்துக்காரர்களிடமும் செய்வாள். என் அறிவியலுக்கு அது கிடைத்ததே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது, இருந்த கொஞ்சம் குரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இத்தன வருசமா எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லையே நீ?"

"நீங்க எங்க கேக்க விட்டீங்க?"

"நானா? ஒவ்வொரு தடவையும் கேள்வி உண்டான்னு கேக்கத்தான செய்யுதேன்!"

"கேப்பீங்க. கேக்கும்போதே மைக் வயரச் சுருட்ட ஆரம்பிச்சிருவீங்க. முழங்கையில சுத்திக்கிட்டு நிக்க ஆளுகிட்ட என்னத்தக் கேக்க?"

எட்டு மணிக்கு ஹாலைப் பூட்ட வேண்டும், வயரை நான் சுருட்டாமல் யார் சுருட்டுவது என்று வாதாடினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். என் படத்தைப் பார்த்துவிட்டு அவள் கையைத் தூக்க வேண்டும். என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வயது ஐம்பதை நெருங்குகிற ஒரு வாத்தியாருக்கு இப்படி ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்தருவிக்குப் போனேன். ஆளை உளவு பார்க்கத்தான் போனேன், சிப்ஸ் வாங்குவதற்கு அல்ல. கடையில் அவர் கொதிக்கிற எண்ணெய்க்கு நேராக வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டார். சூடான சிப்ஸைத் தாளில் கொடுத்தார். அருவிப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் தூவானம் பறந்து வந்து எங்கள் மேல் படிந்தது.

"சார், ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "மேகத்துல அம்புட்டு தண்ணி இருக்கு. மழையாக் கொட்டும்போது தெரியுதுலா எவ்வளவுன்னு? பின்ன ஏன் அது மொத்தமா தொப்புனு கீழ விழ மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் எவனும் கேட்காத கேள்வி. மேகத்தில் இருக்கிற துளிகள் மிகமிகச் சின்னவை. கீழே விழுகின்றனதான், ஆனால் மெல்ல. கீழிருந்து எழும்புகிற காற்று அவற்றைத் தாங்கிக்கொள்கிறது. அருவித் தண்ணீர் தடாலென்று விழும்போது அதே தண்ணீரின் தூவானம் மிதந்து வந்து என் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தது. பதில் என் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் காட்டியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

நான் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தேன். "அது பெரிய கணக்கு. சொன்னாப் புரியாது" என்றேன்.

"சரி சார்" என்றார் அவர். முகத்தில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு கை சிப்ஸை என் தாளில் போட்டார். அதையும் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குள் செயலாளர் ஒரு முடிவு எடுத்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை சீசனில் குற்றாலத்துக்குப் போய், ஒரு லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் வெளியூர்க்காரர்களுக்குப் படம் போடுவது எங்கள் வழக்கம். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாளாகப் பார்த்துப் போடுவோம். தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டி விழுகிற அன்றைக்கு வந்தவர்களுக்குப் போக்கிடம் இருக்காது, ஹால் நிரம்பிவிடும். இந்த வருஷப் படம் மழை மேகங்களைப் பற்றியது. "இந்தத் தடவை அவரே சொல்லட்டும் சார், நீங்க தொண்டைக்கு ரெஸ்ட் கொடுங்க" என்றார் செயலாளர். என் தொண்டை சரியாகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

இதில் முந்தின வருஷக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே ஹாலில் நான் எறும்புகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதிப் படத்தில் வாசலில் எவனோ "குளிக்க விட்டுட்டாங்க!" என்று கத்தினான். துண்டை உதறித் தோளில் போடுகிற நேரம்கூட ஆகவில்லை, ஹால் காலி. எறும்புகள் மட்டும் திரையில் ஊர்ந்துகொண்டிருந்தன. அருவிக்கு எதிரே அறிவியல் நிற்குமா என்று ஒரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருந்தேன். அந்தச் சிரிப்பை நம்பித்தான் என் மானம் பிழைத்துக் கிடந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் தடை போட்டார்கள். சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் உட்கார இடமில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிய பிறகு தடை என்று தெரிந்தவர்கள், இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் பளபளக்க, நாற்காலியில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆள் சேர்ப்பதற்காகச் செயலாளர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வாசலிலும் வைத்திருந்தார். என் மனைவி வழக்கம்போல் கடைசி வரிசையில் பூண்டோடு உட்கார்ந்தாள். நான் நடுவில், கையில் பேனாவும் ஒரு துண்டுத் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிப்ஸ் கடைக்காரர் செய்கிற தப்பைக் குறித்துக்கொள்வதற்கு.

அவர் ஆரம்பித்தார். "இந்த மேகம் கேரளாப் பக்கமிருந்து வருது. மலையில முட்டுது. மேல ஏறணும்லா? ஏற ஏறக் குளிரு. குளிரக் குளிர, இருக்க தண்ணிய அவனால கையில வச்சுக்கிட முடியாது. அங்கனயே இறக்கி வச்சிருதான். மிச்சத்தக் கணவாய் வழியாக் கொண்டாந்து நமக்குத் தெளிச்சுட்டுப் போறான். அதுதான் ஜன்னல் வழியா உங்க எண்ணெய்க்கு மேல இப்பம் விழுந்துக்கிட்டிருக்க சாரலு."

மேகத்தை 'அவன்' என்றது தப்பு என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. வேறு தப்பு கிடைக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பாதிப் படம் ஓடியிருக்கும். வாசலில் அந்தக் குரல் வந்தது. "ஏலே, குளிக்க விட்டுட்டாங்க!"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலைந்து பேர் எழுந்தார்கள். துண்டை இறுக்கிக் கட்டினார்கள். அவர் மைக்கைக் கொஞ்சம் இறக்கி, "போறவங்க போயிட்டு வாங்க. அருவி எங்கயும் போவாது, மேகமும் போவாது" என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினார். அங்கே ஒரு மேகம் ஒரு மலை உயரத்துக்குக் கொதித்து மேலே பொங்கிக்கொண்டிருந்தது. எழுந்தவர்களில் ஒருவர் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உடம்பில் எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிற ஆட்கள், அருவி திறந்துவிட்ட பிறகு, ஒரு சிப்ஸ் கடைக்காரர் மேகத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்க உட்கார்ந்தார்கள். என் ஒரு வருஷச் சிரிப்பு அத்தோடு போயிற்று.

படம் முடிந்தது. அவர் போன தடவை போலவே சும்மா நின்றார். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று என்னைக் கேட்டுக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை. கை தானாகப் போயிற்று.

"மேகத்துல இவ்வளவு தண்ணி இருக்கே" என்றேன், வகுப்பில் கேட்கிற குரலில். "அது ஏன் மொத்தமா கீழே விழல? விளக்க முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி, நான் பதில் தராமல் அனுப்பிய கேள்வி. இருநூறு கண்ணுக்கு முன்னால் அதையே கத்தி மாதிரி எடுத்து அவர் கழுத்தில் வைத்திருந்தேன். அவர் முகம் ஒரு நொடி சிவந்தது. பிறகு சிரித்தார்.

"இத நான் போன மாசம் சாருகிட்ட கேட்டேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சாருக்கு அன்னிக்கு நேரமில்ல. இன்னிக்கு எல்லாருக்குமாச் சேத்துச் சொல்லப் போறாரு. வாங்க சார்." மைக்கை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தார்.

நேரமில்லை என்று நான் சொல்லவே இல்லை. எனக்காக அவர் சொன்ன பொய் அது. அதை வாங்கிக்கொண்டு நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பேசினேன். துளியின் ஆரம், காற்றின் பாகுநிலை, முற்றுத் திசைவேகம் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். முதலில் எண்ணெய்க்காரர்கள் எழுந்தார்கள். பிறகு குழந்தை வைத்திருந்தவர்கள். பிறகு வரிசை வரிசையாக. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. முடித்தபோது நாற்காலிகளில் எண்ணெய்ப் பேப்பர்கள் மட்டும் காற்றில் படபடத்தன. செயலாளர் புரொஜெக்டரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சிப்ஸ் கடைக்காரர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நேராக உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார். கடைசி வரிசையில் அவள்.

வயர் என் காலடியில் கிடந்தது. கை அதை நோக்கிப் போனது. பிடித்து நிறுத்தினேன். இவ்வளவும் ஆன பிறகும் அந்த ஆசை மட்டும் போகவில்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, மற்றக் கையால் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து, "கேள்வி உண்டா?" என்றேன். கேட்டுவிட்டு, அவர் நிற்கிற மாதிரியே சும்மா நின்றேன்.

பூண்டு உரிப்பது நின்றது. அவள் கையைத் தூக்கினாள்.

"கேளு" என்றேன்.

"அண்ணாச்சிதான் போன மாசமே கேட்டாராமே" என்றாள். "உங்களுக்குப் பதில் தெரியுமே. அப்பமே ஏன் சொல்லல?"

சத்தமாகக் கேட்கவில்லை. குக்கர் வைத்தால் வேகுமா என்று கேட்ட அதே குரல்தான். அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். செயலாளர் மூட்டை கட்டுவதை நிறுத்தினார். முன்வரிசைக்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். அன்றைக்கு அவசரம் என்று சொல்லலாம். கணக்கு பெரியது என்று சொல்லலாம். பதினோரு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி இது. இதற்குத் தப்பான பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பொறாமை" என்றேன்.

மைக் அணைக்கவில்லை. வாசலில் இருந்த பெட்டியிலும் அது கேட்டிருக்கும். அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் யாராவது திரும்பிப் பார்த்திருக்கவும் கூடும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு தரம் தலையை அசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூண்டை உரிக்க ஆரம்பித்தாள்.